சட்ட ஆசிரியர் இர்னேரியுஸ்

உரோமைச் சக்கரவர்த்தி யுஸ்தினியான் 533-ம் ஆண்டில் வெளியிட்ட பெரிய சட்டத் தொகுப்பு, மேற்கு ஐரோப்பாவில் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்தது. பொலோஞா பட்டணத்தில் அதை மாணவருக்கு விளக்கி, ஏட்டில் உரை எழுதி உயிர்ப்பித்தவர் இர்னேரியுஸ். பாப்பரசருக்கு உற்ற துணையாயிருந்த மத்தில்தா சீமாட்டியே அவரை இவ்வேலைக்குத் தூண்டினாள் என்பர்.

சீமாட்டி 1115-ல் மரித்தபின், அவர் ஐந்தாம் ஹென்றி சக்கரவர்த்தியைச் சேர்ந்தார். 1118-ல் சக்கரவர்த்தி முறையான பாப்பரசருக்கு விரோதமாய் வேறொருவரை ஏற்படுத்தியபோது, இர்னேரியுஸ் தம் சட்ட ஞானத்தால் அதற்குத் துணை நின்றார். மறு ஆண்டு ரேம்ஸ் சங்கத்தில் திருச்சபைக்குப் புறம்பாக்கப்பட்டார்.

ஆயினும் அவர் வளர்த்த கல்வி வீண்போகவில்லை. அதே பட்டணத்தில், சுமார் 1140-ல், கிராசியான் திருச்சபைச் சட்டங்களைத் தொகுத்தார். பின்வந்தோர் அவற்றுக்கும் இர்னேரியுஸின் முறைப்படியே உரை எழுதினர்.

பெற்றோர்களே, பிள்ளைகளுக்குக் கல்வியோடு தேவபயத்தையும் ஊட்டுங்கள்.