யார் இந்த ஐடா ஸ்கடர்? ஒரே இரவில் 3 மரணங்கள்... வேலூர் சி.எம்.சி உருவான கதை!

வேலூர்னு சொன்னா கோட்டைக்கு அடுத்து பலருக்கும் ஞாபகம் வருவது சி.எம்.சி மருத்துவமனைதான். அதைத் தொடங்கிய ஐடா ஸ்கடருக்கு முதலில் டாக்டராகும் எண்ணமே கிடையாது.

1870-ல் ராணிப்பேட்டையில் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் மிஷனரி டாக்டர்கள். ஆனால் அமெரிக்காவில் படித்த ஐடாவுக்கு இந்தியாவில் தங்கவே விருப்பமில்லை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லைன்னுதான் 1890-ல் திண்டிவனம் வந்தார்.

அந்த இரவு என்ன நடந்தது?

மூன்று பேர் அடுத்தடுத்து வந்து கதவைத் தட்டினார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், இன்னொருவர் உயர்சாதி இந்து. மூவரின் மனைவிக்கும் பிரசவத்தில் சிக்கல். எனக்கு மருத்துவம் தெரியாது, அப்பாவைக் கூட்டிட்டுப் போங்கன்னு ஐடா கெஞ்சினார். ஆண் டாக்டரை அனுமதிக்க முடியாதுன்னு மூவரும் திரும்பிட்டாங்க. விடிந்தபோது மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

இத்தனைக்கும் டாக்டர் அதே வீட்டில்தான் இருந்தார். அந்தப் பெண்கள் ஏற்றுக்கொள்ளக்கூடிய டாக்டர்தான் இல்லை.

அமெரிக்கா திரும்பி கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899-ல் பட்டம் வாங்கினார் ஐடா. 1900-ல் வேலூர் வந்தார். 1902-ல் 40 படுக்கைகளுடன் மருத்துவமனை திறந்தாச்சு. ஆனா கிராமத்துப் பெண்கள் அவ்வளவு தூரம் வருவாங்களா? அதனால் இவரே கிளம்பினார். வாரம் ஒருநாள் குடியாத்தம் சாலையில் மரத்தடியில் வண்டியை நிறுத்துவார். அங்கே காத்திருக்கும் ஜனங்களுக்கு அங்கேயே வைத்தியம்.

இங்கேதான் கணக்கு உதைத்தது. ஒரே ஒரு பெண் டாக்டர் எத்தனை ஊருக்குப் போக முடியும்? வெளிநாட்டிலிருந்து ஆள் கொண்டுவந்தாலும் போதாது, இந்த மண்ணின் பெண்களே டாக்டராகணும்னு முடிவு செய்தார். அவருடைய நிஜமான சாதனை, மருத்துவமனையைவிட இந்த முடிவுதான்னு தோணுது.

1909-ல் நர்சிங் பயிற்சிப் பள்ளி. 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. அதற்கு விண்ணப்பம் வருமான்னே சென்னை மாகாண மருத்துவ அதிகாரிக்கு சந்தேகம். வந்தது 151!

நான்கு வருஷம் கழித்து முதல் பேட்ச் தேர்வெழுதியது.  வேலூரில் எழுதிய 14 பெண்களும் பாஸ்.

பெண்களுக்காகத் தொடங்கிய அந்த இடத்தில் 1947-ல் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள். 1960 மே மாதம், 89 வயதில், கொடைக்கானலில் ஐடா காலமானார்.