சிறைக்கூடத்தில் தெளிந்த ஐயம்
(புனித செவெரீனுஸ் போயத்தியுஸ் சரிதை)

சர்வேசுரன் நடக்கப்போவதை எல்லாம் அறிந்திருக்கிறார் என்று சிறு வயதில் ஞானோபதேசத்தில் படித்தோம். மனிதனுக்குச் சுயாதீனம் உண்டு, ஆகையால் அவன் செய்த பாவத்துக்கு அவனே உத்தரவாதி என்பதையும் அதே வகுப்பில்தான் படித்தோம். இவ்விரண்டும் எப்படி ஒத்துப்போகும் என்று அன்று நாம் கேட்கவில்லை. வளர்ந்த பின், சாவு வீடுகளில் உட்கார்ந்திருக்கும் பொழுது அந்தக் கேள்வி தானே வருகிறது. எல்லாம் தலையெழுத்து என்று அங்கே யாராவது ஒருவர் சொல்லாமல் இருப்பதில்லை. சொல்பவர் காலையில் திருப்பலி கண்டவராகவும் இருப்பார். ஆண்டவர் முன்னமே அறிந்தபடிதான் நடக்குமென்றால் நாம் செபமாலை சொல்வது எதற்காக?

இந்தக் கேள்வியை மரண தண்டனையை எதிர்நோக்கிச் சிறையில் கிடந்த ஒருவர் கேட்டார். அவருடைய வரலாற்றை நம் பங்கு மக்கள் அறிந்திருப்பது நல்லது என்று எண்ணி இம்மலரில் எழுதுகிறோம்.

476-ல் மேற்கு உரோமைப் பேரரசு வீழ்ந்தது. ஏறக்குறைய 480-ல் உரோமையின் மிகப் பழைய குலங்களில் ஒன்றில் போயத்தியுஸ் பிறந்தார். தந்தை 487-ல் கொன்சுல் பதவி வகித்தவர், சீக்கிரமே இறந்துவிட்டார். அநாதையான பிள்ளையைச் சிம்மாக்குஸ் என்னும் உத்தம கத்தோலிக்கப் பிரபு எடுத்து வளர்த்தார். பிற்பாடு தம் மகள் ருஸ்திசியானாவையும் அவருக்கே மணம் முடித்துக் கொடுத்தார்.

அக்காலத்தில் மேற்கு நாடுகளில் கிரேக்க மொழி அறிந்தவர்கள் அருகி வந்தார்கள். பிளேட்டோ, அரிஸ்டாட்டில் ஆகிய இருவரின் நூல்களனைத்தையும் இலத்தீனில் பெயர்த்துவிட வேண்டும் என்று போயத்தியுஸ் உறுதி பூண்டார். ஒரு மனிதனால் ஆகிற காரியமா அது? தர்க்க நூல்களை மட்டுமே அவரால் முடிக்க முடிந்தது. ஆனால் பன்னிரண்டாம் நூற்றாண்டு வரை ஐரோப்பியப் பள்ளிகள் அரிஸ்டாட்டிலைப் பற்றி அறிந்திருந்ததெல்லாம் பெரும்பாலும் அந்த அளவுதான். கணிதம், சங்கீதம் பற்றியும் எழுதினார். பரிசுத்த தமதிரித்துவத்தைப் பற்றியும், கிறிஸ்துநாதரின் இரு சுபாவங்களைப் பற்றியும் அவர் எழுதிய சிறு நூல்கள் வேதசாஸ்திரிகளுக்குப் பல நூற்றாண்டு பாடமாயிருந்தன.

இத்தாலியை அப்பொழுது ஆண்டவன் கோத்தர் அரசன் தெயோதோரிக். ராவென்னாவில் இருந்து அரசாண்டான். ஆரியுஸின் பதிதத்தைச் சேர்ந்தவனாயினும், நெடுங்காலம் கத்தோலிக்கரைத் தொந்தரவு செய்யாமல் நீதியாகவே ஆண்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பர்கண்டி மன்னனுக்குப் பரிசாக அனுப்ப நீர்க் கடிகாரமும் சூரியக் கடிகாரமும் வேண்டுமென்று அவன் போயத்தியுஸையே கேட்டான். 510-ல் முப்பது வயதளவில் போயத்தியுஸ் கொன்சுல் ஆனார். 522-ல் அவருடைய இரு புதல்வர்களும் ஒரே சமயத்தில் கொன்சுல் பதவி ஏற்றார்கள். மைதானத்தில் ஜனத்திரள் ஆரவாரிக்க, இரு மக்களுக்கும் நடுவே தகப்பன் அமர்ந்திருந்தார். அவ்வாண்டிலேயே அரண்மனை அதிகாரிகளுக்கெல்லாம் தலைவரானார்.

இரண்டே ஆண்டுகளில் எல்லாம் தலைகீழாயிற்று. உரோமைக்கும் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்கும் இடையே முப்பத்தைந்து ஆண்டுகளாக இருந்த பிரிவினை 519-ல் தீர்ந்திருந்தது. கத்தோலிக்கருக்கு அது பெருமகிழ்ச்சி. தெயோதோரிக்குக்கோ அது சந்தேகத்துக்கு வித்து. உரோமைப் பிரபுக்கள் கீழ்த்திசைப் பேரரசரோடு சேர்ந்து தன்னைக் கவிழ்த்துவிடுவார்களோ என்று பயந்தான். அல்பீனுஸ் என்னும் பிரபு அப்படிக் கடிதம் எழுதினதாகக் குற்றம் சாட்டப்பட்டபோது, போயத்தியுஸ் அரசன் முன்னிலையில் எழுந்து அவருக்காகப் பேசினார். வாய் திறவாமல் இருந்திருந்தால் அவர் தப்பியிருப்பார் என்றே நினைக்கிறோம். பழி அவர்மேலேயே திரும்பிற்று. சாட்சி சொன்னவர்களில் இருவர் மோசடிக்காக நாடு கடத்தல் தீர்ப்புப் பெற்றவர்கள். அவர்கள் துரத்தப்பட வேண்டிய அதே நாளில் அவர்களுடைய சாட்சியம் ஏற்கப்பட்டதாம். போலிக் கடிதங்கள் காட்டப்பட்டன. யாருடைய கௌரவத்துக்காகப் பேசினாரோ அந்த மூப்பர் சபையே அவரை விசாரியாமல் தண்டித்தது. வட இத்தாலியில் பவியா நகரில் அவர் சிறைப்பட்டார்.

சிறையில் அவர் எழுதிய நூல்தான் தத்துவம் தந்த ஆறுதல் என்று பொருள்படும் பெயருடைய ஐந்து பாக நூல். வசனமும் கவியும் மாறி மாறி வரும். தம் துயரத்தைப் பாட்டாக எழுதிக்கொண்டிருக்கும் கைதியிடம் தத்துவம் ஒரு மாதரசியாக வந்து நிற்கிறாள். கட்டிலின் ஓரத்தில் அமர்கிறாள். வைத்தியரைப்போல் நாடி பார்த்து, முதலில் மெல்லிய மருந்தும் பின்பு கடுமையான மருந்துமாகக் கொடுக்கிறாள். செல்வமும் பதவியும் சுழலும் சக்கரம் என்கிறாள். மெய்யான நன்மை இறைவன் ஒருவரே என்று நாட்டுகிறாள்.

கைதி அதோடு விடவில்லை. ஐந்தாம் பாகத்தில் தம் நெஞ்சின் முள்ளை எடுத்து வைக்கிறார். இறைவன் நாளை நான் செய்வதைத் தவறாது அறிந்திருந்தால், நான் வேறு விதமாய்ச் செய்ய முடியாது. முடியுமென்றால் அவர் அறிவு வெறும் ஊகமாகிவிடும். முடியாதென்றால் நல்லவனுக்குச் சம்பாவனையும் கெட்டவனுக்குத் தண்டனையும் நியாயமல்ல. நம் பாவங்களும் அவர்மேலேயே போய்ச் சேரும். செபத்துக்கும் நம்பிக்கைக்கும் இடமேயில்லை. அநியாயமாய்ச் சாகப்போகிறவன் இதைக் கேட்கிறான் என்பதை வாசகர் மறக்கலாகாது. தம்மைக் காட்டிக்கொடுத்தவர்கள் வேறு வழியின்றிச் செய்தார்கள் என்றால், அவர்களைக் குற்றம் சொல்லவும் அவருக்கு உரிமையில்லை.

மாதரசியின் மறுமொழி இதுதான். முன்னறிவு என்று சொல்லும்போதே நாம் இறைவனைக் காலத்துக்குள் நிறுத்திவிடுகிறோம். நமக்கு நேற்று போய்விட்டது, நாளை வரவில்லை. அவருக்கோ நேற்று, நாளை என்பதில்லை. முடிவில்லா வாழ்வு முழுவதும் ஒருங்கே அவர் கையிலிருக்கிறது. ஆதலால் அவர் நம் நாளையை முன்கூட்டிப் பார்க்கவில்லை, இப்பொழுதே நடப்பதாகப் பார்க்கிறார். பார்ப்பது கட்டாயப்படுத்துவதாகுமா? ஒருவன் தரையில் நடப்பதையும் வானில் சூரியன் உதிப்பதையும் நாம் ஒரே நேரத்தில் காண்கிறோம். இரண்டும் நடப்பது நிச்சயம். ஆயினும் சூரியன் உதித்தே தீரவேண்டும். நடப்பவனோ தன் இஷ்டத்தால் நடக்கிறான். நம் பார்வை அவன் காலைத் தள்ளவில்லை. கைதி விடாமல் கேட்கக்கூடியதையும் அவளே எடுத்துச் சொல்கிறாள்: கடைசி நேரத்தில் என் மனத்தை மாற்றிக்கொண்டு இறைவனின் அறிவைப் பொய்யாக்கலாமே? மாற்றலாம், அந்த மாற்றத்தையும் அவர் பார்த்துக்கொண்டேயிருக்கிறார்.

புனித தோமாஸ் அக்குவினாஸ் பிற்காலத்தில் இதை விளக்கும்போது, வழியில் நடப்பவன் தனக்குப் பின்னே வருகிறவர்களைக் காணமாட்டான், உயரத்தில் நிற்பவனோ எல்லாரையும் ஒருங்கே காண்பான் என்றார். திருவிழாத் தேர்ப்பவனியன்று மணிக்கூண்டில் ஏறிப் பார்த்த இளைஞர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

இராயப்பர் மறுதலிப்பார் என்று ஆண்டவர் முந்தியே சொன்னாரே, அது எப்படி என்று சிலர் கேட்பார்கள். உள்ளபடியே கடினமான கேள்வி. பார்ப்பது வேறு, பார்த்ததைக் காலத்துக்குள் வந்து சொல்வது வேறு. போயத்தியுஸின் நூல் இதைத் தொடவில்லை. நாம் இவ்வளவு மட்டும் சொல்வோம்: குளிர்காய்ந்த இடத்தில் இராயப்பரை மறுதலிக்க வைத்தது ஆண்டவரின் சொல் அல்ல, அவருடைய அச்சம். பிறகு அழுத அழுகையும் அவருடையதே. இறைவனின் அருளுதவிக்கும் மனிதச் சித்தத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் சேசு சபையாரும் சாமிநாதர் சபையாரும் பல ஆண்டுகள் உரோமையில் வாதாடினார்கள். 1607-ல் பாப்பரசர் ஐந்தாம் சின்னப்பர் எப்பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் வாதத்தை நிறுத்தி, ஒருவரையொருவர் பதிதர் என்று சொல்லக்கூடாதென்று கட்டளையிட்டார். பெரியவர்களே நின்ற இடத்தில் நாமும் நிற்பதில் வெட்கமில்லை.

செபம் வீணாகாது என்று மாதரசி கூறுவதோடு நூல் முடிகிறது. கைதி மறுமொழி சொல்லவில்லை. ஏறக்குறைய 524-ல் அவரைக் கொன்றார்கள். தலையில் கயிற்றைச் சுற்றி இறுக்கி, பின் தடியால் அடித்தார்கள் என்று ஒரு பழைய வரலாறு கூறுகிறது. மாமனார் சிம்மாக்குஸும் கொல்லப்பட்டார். தெயோதோரிக்கால் கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குத் தூது அனுப்பப்பட்ட பாப்பரசர் முதலாம் அருளப்பர் திரும்பி வந்ததும் சிறையிடப்பட்டு 526 மே மாதத்தில் இறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் அரசனும் மாண்டான். விதவை ருஸ்திசியானா தம் செல்வத்தையெல்லாம் பசித்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு, 546-ல் உரோமை முற்றுகையின் முடிவில் வீடு வீடாய் அப்பம் இரந்து நின்றார்.

அந்நூலில் கிறிஸ்துநாதரின் திருப்பெயர் ஓரிடத்திலும் இல்லாததால், அவர் மெய்யான கிறிஸ்தவர்தானா என்று சில அறிஞர்கள் ஐயுற்றார்கள். அவருடைய காலத்தவரான காசியோதோருஸின் குறிப்பு ஒன்று 1877-ல் அச்சேறியது. தமதிரித்துவத்தைப் பற்றிய நூல் அவருடையதே என்று அது காட்டிற்று. 1883-ல் பாப்பரசர் பதிமூன்றாம் சிங்கராயர் பவியா மறைமாவட்டத்தில் அவருக்குச் செலுத்தப்பட்டு வந்த வணக்கத்தை உறுதிப்படுத்தினார். அக்டோபர் 23 அவருடைய திருநாள்.

இங்கிலாந்தின் அரசர் ஆல்பிரடு அவருடைய சிறை நூலைத் தம் மக்களின் மொழியில் பெயர்த்ததாகச் சொல்வார்கள். கவிஞர் தாந்தே அவரைச் சூரிய மண்டலத்து ஞானிகளின் வரிசையில், அக்குவினாஸ் இருக்கும் அதே வட்டத்தில் வைத்துப் பாடினார். பவியாவில் புனித இராயப்பர் ஆலயத்தின் நிலவறைச் சிற்றாலயத்தில் அவருடைய எலும்புகள் இருக்கின்றன. அதே ஆலயத்தில் மேலே, பீடத்தருகில், புனித அகுஸ்தினாரின் கல்லறை. நினைவில் வைத்திருப்பதால் நடந்து போனதை நாம் கட்டாயப்படுத்தவில்லை, அப்படியே இறைவன் அறிந்திருப்பதும் வரப்போவதைக் கட்டாயப்படுத்தவில்லை என்று நூறாண்டுக்கு மேல் முந்தியே எழுதி வைத்தவர் அவர். அவரிடமிருந்து விதை பெற்றதாகப் போயத்தியுஸ் தம் தமதிரித்துவ நூலின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறார்.