குறி பார்க்கும் மருந்தைத் தேடியவர்: போல் ஏர்லிக்

'கீமோதெரபி' என்ற சொல்லைக் கேட்டதும் முடி உதிர்தலும் வாந்தியும் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் அச்சொல்லை உருவாக்கிய ஜேர்மனிய அறிஞர் போல் ஏர்லிக், நோயை மட்டும் தாக்கி உடலைக் காக்கும் மருந்தையே மனத்திற் கொண்டிருந்தார்.

அவர் 1854 மார்ச் 14 ஆம் திகதி, இன்று போலந்திலுள்ள ஸ்திரேலன் நகரில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்தார். மருத்துவ மாணவராக இருந்தபோதே சாயங்கள் அவர் மனத்தைக் கவர்ந்தன. சில சாயங்கள் சில இழையங்களில் மட்டும் பற்றிக்கொள்வதை நுணுக்குக்காட்டியிற் கண்டார். சாயம் தன் இடத்தைத் தேடிச் செல்லுமாயின், மருந்தும் ஏன் செல்லக்கூடாது? இக்கேள்வி அவரை இறுதிவரை விடவில்லை.

ஆய்வுகளுக்கிடையே காசநோய் அவரையும் பற்றியது. 1888 இல் எகிப்து சென்று உடல் தேறித் திரும்பினார். நோயெதிர்ப்புப் பற்றிய ஆய்வுக்காக 1908 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதன் பின்னும் அவர் ஓயவில்லை. பயனற்றதென ஒதுக்கப்பட்டிருந்த 606 ஆம் இலக்கச் சேர்வையை, ஜப்பானிய உதவியாளர் ஹாட்டா 1909 இல் மீண்டும் சோதித்தார். அது சிபிலிசு நோய்க்கிருமியை அழித்தது. மறு ஆண்டே 'சல்வர்சான்' என்ற பெயரில் மருந்தாக வெளிவந்தது.

புற்றுநோயையும் ஏர்லிக் விட்டுவைக்கவில்லை. பெண் சுண்டெலியின் மார்பகத்தில் தோன்றிய கட்டியை வேறு எலிகளுக்கு மாற்றி ஆராய்ந்தார். அதன் வழிவந்த கலங்கள் அவர் பெயரால் இன்றும் ஆய்வுகூடங்களிற் பயன்படுகின்றன. எனினும் புற்றுநோய்க்கு உரிய மருந்தைக் காணாமலே 1915 ஆகஸ்ட் 20 இல் அவர் கண்மூடினார்.

பிற்காலத்தில் வந்த புற்றுநோய் மருந்துகள் வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்கின. மயிர்வேரின் கலங்களும் அவ்வாறே பிரிவதால், கட்டியுடன் கூந்தலும் பலியானது. அவரது கனவு தாமதமாகவே நனவாகத் தொடங்கியது. மார்பகப் புற்றுநோயின் ஒரு வகையில், கலங்களின் மேற்பரப்பில் 'ஹேர் 2' என்ற புரதம் மிகுதியாக இருக்கும். அதைத் தேடிப் பற்றும் டிராஸ்டுசுமாப் மருந்துக்கு 1998 இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. 2005 இல், பக்ளிடாக்செல் மருந்தை அல்புமின் புரதத்துடன் பிணைத்த நனோ துணிக்கைகள் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதி பெற்றன. அவற்றின் பருமன் சுமார் 130 நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரில் பத்து இலட்சம் நனோமீற்றர்கள் உள்ளன. கட்டிகளின் குருதிக்குழாய்ச் சுவர்களில் இடைவெளிகள் அதிகம். அவற்றினூடாக இத்துணிக்கைகள் கட்டிக்குள் நுழையக் கூடும். ஆயினும் பக்கவிளைவுகள் முற்றாக நீங்கவில்லை. முடி இன்னும் உதிர்கிறது. துணிக்கையின் மேல் குறியறியும் மூலக்கூறுகளைப் பொருத்தும் ஆய்வுகள் தொடர்கின்றன.

தாய்மாரே, மார்பில் கட்டியோ மாற்றமோ தெரிந்தால் வெட்கத்தால் மறைக்காதீர்கள். உடனே வைத்தியரை நாடுங்கள். எத்தகைய மருந்தும் காலந்தாழ்த்தாதவருக்கே கூடுதலாக உதவும். மாணவியரே, ஏர்லிக்கின் கேள்விக்கு முழு விடை இன்னும் எழுதப்படவில்லை. அதை எழுதும் கரங்களுள் உங்கள் கரமும் ஒன்றாகட்டும்.