ஹென்றி ஃபோர்டு: ஜெயிச்ச காரே கம்பெனிக்குச் சிக்கலானது எப்படி?

வரலாற்றுப் பாடத்தைப் பெரிதாக மதிக்காதவர் ஹென்றி ஃபோர்டு. சிகாகோ ட்ரிப்யூன் பத்திரிகை மீது அவர் போட்ட அவதூறு வழக்கு 1919இல் விசாரணைக்கு வந்தது. அமெரிக்க வரலாற்றின் சாதாரணக் கேள்விகளுக்கே பதில் சொல்ல முடியாமல் தடுமாறினார். வழக்கில் ஜெயித்தார்தான். கிடைத்த இழப்பீடு வெறும் 6 சென்ட்!

ஆனால், தன்னோட சொந்தப் பழசை மட்டும் அவர் விடவே இல்லை.

1863இல் மிச்சிகனில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1903இல் ஃபோர்டு மோட்டார் நிறுவனம், 1908இல் 'மாடல் டி' கார். மண் ரோட்டிலும் ஓடும், ரிப்பேர் ஆனால் விவசாயியே சரிசெய்துகொள்ளலாம். 1913இல் நகரும் அசெம்பிளி லைன் வந்ததும், 12 மணி நேரத்துக்கு மேல் பிடித்த வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. 850 டாலர் கார், 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது.

சிக்கலும் இங்கேதான். எல்லோருக்கும் ஒரே கார், குறையும் விலை என்ற அந்தப் பழைய கணக்கே எப்போதும் போதும் என நம்பினார் ஃபோர்டு. அவர் வெளிநாடு போயிருந்த சமயம் பொறியாளர்கள் புது மாதிரி ஒன்றைச் செய்து வைக்க, திரும்பி வந்தவர் அதைக் கையாலேயே பிய்த்துப் போட்டதாக உடன் வேலை பார்த்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்குள் ரோடுகள் மாறிவிட்டன, வாங்குபவர்களும் மாறிவிட்டார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் கலர் கலராகப் புது மாடல்களை இறக்கியது, தவணையும் கொடுத்தது. 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பு மட்டும்தான். கடனில் கார் வாங்குவதே ஃபோர்டுக்குப் பிடிக்காது.

1919 முதல் தலைவர் நாற்காலியில் மகன் எட்செல். அது பேருக்குத்தான். மாற்றம் வேண்டும் என 1926இல் விரிவாக எழுதிக் கொடுத்தவர் எட்செலின் சகலை எர்னஸ்ட் கான்ஸ்லர். சில மாதங்களிலேயே அவர் கம்பெனியை விட்டு வெளியே.

1927 மே மாதம், 1.5 கோடி கார்களுக்குப் பிறகு மாடல் டி நின்றது. அடுத்த வண்டி தயாராகவே இல்லை. மாதக்கணக்கில் உற்பத்தி முடங்க, ஆயிரக்கணக்கானோர் வேலையில்லாமல் தவித்தார்கள். செவ்ரோலெட் முந்தியது.

அடுத்து அவர் செய்ததுதான் சுவாரசியம். 1929இல் டியர்பார்னில் எடிசனின் ஆய்வுக்கூடம், பழைய கட்டடங்கள், கருவிகள் எனச் சேர்த்து ஓர் அருங்காட்சியகக் கிராமத்தையே திறந்தார். மன்னர், போர் கதைகள்தான் அவருக்கு ஆகாது. உழைத்தவர்களின் பொருட்கள் என்றால் உயிர்.

1943இல் எட்செல் 49 வயதில் இறந்துபோக, ஏறக்குறைய 80 வயதில் மீண்டும் தலைவரானார் ஃபோர்டு. 1945இல் குடும்பத்தின் நெருக்கடியால் பேரன் இரண்டாம் ஹென்றி பொறுப்புக்கு வந்தார். 1947 ஏப்ரல் 7இல் தாத்தா இறந்தபோது, ஜெனரல் மோட்டார்ஸில் தொழில் பழகிய நிர்வாகிகளைக் கூட்டிவந்து கணக்குவழக்கைச் சீர்செய்ய ஆரம்பித்திருந்தார் பேரன்.