வெப்பச்சலனம் முதல் எல் நினோ வரை.. மழையின் ரகசியத்தைத் தேடிய கணக்கு வாத்தியார்! யார் இந்த கில்பர்ட் வாக்கர்?

கோடை வந்தாலே வானிலை அறிக்கையில தவறாம வர்ற வார்த்தை வெப்பச்சலனம். தரை சூடாகும்போது அதை ஒட்டிய காற்று லேசாகி மேலே எழும். மேலே போகப் போகக் குளிர்ந்து மேகமாகி, சாயங்காலம் இடியோடு கொட்டித் தீர்க்கும். இதே விஷயம் ஒரு ஊருக்கு மேல இல்லாம, பசிபிக் பெருங்கடல் அளவுக்கு நடந்தா எப்படி இருக்கும்? அப்படி ஒரு பிரமாண்ட காற்றோட்டம் நிஜமாகவே இருக்கு. அதன் பெயர் வாக்கர் சுழற்சி. அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் வானிலையே படிக்காத ஒரு கணித மேதை.

பூமராங் வாக்கர்

1868 ஜூன் 14-ல் இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் பிறந்தவர் கில்பர்ட் வாக்கர். 1889-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதலிடம். பிறகு அங்கேயே டிரினிட்டி கல்லூரியில் கணிதம் கற்பித்தார். எறிந்தவரிடமே திரும்பி வரும் பூமராங் மீது அவருக்குத் தீராத ஆர்வம். அதை எறிந்து பார்ப்பதோடு நிற்காமல், அது பறக்கும் விதத்தைக் கணக்குப் போட்டும் ஆராய்ந்தார். அதனால் நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் பூமராங் வாக்கர்.

பஞ்சம் தந்த வேலை

தாது வருஷப் பஞ்சம் என்று நம்மூரில் இன்றும் சொல்லப்படும் 1876-78 பெரும்பஞ்சம் லட்சக்கணக்கான உயிர்களைக் குடித்தது. பருவமழை பொய்க்கப் போவதை முன்கூட்டியே சொல்ல முடியுமா என்ற கேள்வி அரசை நெருக்கியது. 1875-ல் தொடங்கப்பட்ட இந்திய வானிலை ஆய்வுத் துறையின் முதல் தலைவர் பிளான்ஃபோர்டு, இமயமலைப் பனியை வைத்து மழையைக் கணித்தார். பனி அதிகம்னா மழை குறைவு என்பது அவர் கண்ட தொடர்பு. ஆனா 1899-ல் மழை நன்றாக இருக்கும் என்று துறை கணித்த ஆண்டிலேயே கடும் வறட்சி வந்து, மறுபடியும் பஞ்சம்.

இந்தச் சூழலில்தான் 1904-ல் வாக்கர் துறையின் தலைமைப் பொறுப்புக்கு வந்தார்.

எண்களுக்குள் ஒரு தராசு

மழை ஏன் வருகிறது என்ற கோட்பாட்டில் வாக்கர் இறங்கவில்லை. உலகின் பல இடங்களில் பதிவான காற்றழுத்தம், மழை, வெப்பநிலை, நைல் நதி வெள்ளம் எனக் கிடைத்த எண்களையெல்லாம் திரட்டினார். எது எதோடு சேர்ந்து ஏறுது, எது இறங்குது என்று ஒப்பிட்டார். கம்ப்யூட்டர் இல்லாத காலம். அலுவலகத்தின் இந்திய ஊழியர்கள் வருடக்கணக்கில் கையாலேயே கணக்குப் போட்டார்கள்.

அதில் ஒரு தராசு தெரிந்தது. பசிபிக் பக்கம் காற்றழுத்தம் ஏறினால் இந்தியப் பெருங்கடல் பக்கம் இறங்குகிறது. அங்கே இறங்கினால் இங்கே ஏறுகிறது. இதற்குத் தெற்கு அலைவு என்று பெயரிட்டார்.

சென்னைக்கு வந்தபோது..

வாக்கரின் வாழ்க்கையில் ஒரு தமிழ்நாட்டு அத்தியாயமும் உண்டு. 1913 பிப்ரவரியில் அவர் சென்னைக்கு வந்தபோது, துறைமுகத்தில் கிளர்க்காக இருந்த ஓர் இளைஞரின் கணிதக் குறிப்புகள் அவரிடம் காட்டப்பட்டன. அசந்துபோன வாக்கர், இவருக்கு உதவித்தொகை கொடுத்து முழுநேரமும் கணிதம் செய்ய விடுங்கள் எனச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மாதம் 75 ரூபாய் கிடைத்தது. அந்த இளைஞர்தான் ராமானுஜன்.

விடை வந்தபோது அவர் இல்லை

1924-ல் ஓய்வுபெற்ற வாக்கர், லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பேராசிரியரானார். ஆனா அவருடைய தராசைப் பலர் நம்பவில்லை. ஆயிரக்கணக்கான மைல் தள்ளியுள்ள இரண்டு கடல்கள் ஏன் இப்படி ஆடணும்? அதற்குக் காரணம் காட்ட அவரிடம் கடல் பற்றிய தகவல்கள் இல்லை. 1958 நவம்பர் 4-ல், 90 வயதில் அவர் காலமானார்.

1969-ல் யாக்கோப் பியர்க்னஸ் என்ற விஞ்ஞானி விடையைத் தந்தார். பசிபிக்கின் மேற்கே, இந்தோனேசியா பக்கம் கடல் நல்ல சூடு. அங்கே காற்று எழும்பி மழையாகக் கொட்டும். மேலே போன காற்று கிழக்கே நகர்ந்து, குளிர்ந்த கடல் உள்ள பெரு நாட்டுப் பக்கம் இறங்கி, கடல்பரப்பை ஒட்டி மறுபடி மேற்கே வரும். இதற்குத்தான் அவர் வாக்கரின் பெயரை வைத்தார். எல் நினோ ஆண்டில் வெதுவெதுப்பான நீர் கிழக்கே நகரும். மழை மேகங்களும் கூடவே போய்விடும். தராசு ஆடுவதன் காரணம் இதுதான்.

நமக்கு என்ன சம்பந்தம்?

எல் நினோ வந்தால் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறையும். தமிழ்நாட்டுக்கு மழை தரும் வடகிழக்குப் பருவமழையோ பல நேரங்களில் கூடும். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015 வலுவான எல் நினோ ஆண்டு. ஆனா இது மாறாத விதியல்ல. 1997-ல் மிக வலுவான எல் நினோ இருந்தும் தென்மேற்குப் பருவமழை ஏமாற்றவில்லை.

பருவமழையைத் துல்லியமாகச் சொல்லும் சூத்திரம் வாக்கருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனாலும் ஆஸ்திரேலியாவின் டார்வின், பசிபிக்கின் தஹிதி ஆகிய இரண்டு இடங்களின் காற்றழுத்த வித்தியாசத்தை விஞ்ஞானிகள் இன்றும் கணக்கிடுகிறார்கள். எல் நினோ வருதா என்று சொல்லும் முக்கிய அளவுகோல்களில் அதுவும் ஒன்று. அவர் கண்டுபிடித்த தராசின் இரண்டு தட்டுகள்தான் அவை.