பைபாஸுக்கு முன்னால் ஏன் இத்தனை கட்டுப்பாடு? கிருமியை விரட்டிய ஜோசப் லிஸ்டரின் கதை

கடம்பத்தூரில் மின்சார ரயில் ஏறினால், சென்ட்ரலுக்குச் சற்று முன்னால் பெரம்பூர் வரும். அங்குள்ள ரயில்வே மருத்துவமனையில்தான் 1975-ல் இந்தியாவின் முதல் இதய பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. நெஞ்செலும்பைப் பிளந்து செய்யும் ஆபரேஷன். அவ்வளவு பெரிய காயம் சீழ் பிடிக்காமல் ஆறும் என்ற தைரியம் எங்கிருந்து வந்தது?

யார் இந்த லிஸ்டர்?

ஜோசப் லிஸ்டர் 1827-ல் இங்கிலாந்தில் பிறந்தார். அப்பா ஒயின் வியாபாரி, நுண்ணோக்கியை மேம்படுத்தியவர். 1861-ல் லிஸ்டர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ மருத்துவமனையில் சர்ஜன் ஆனார். அங்கே ஆபரேஷன் நல்லபடியா முடியும். சில நாளில் காயம் அழுகி நோயாளி இறந்துபோவார். கெட்ட காற்றுதான் காரணம் என்று பலரும் நம்பினார்கள்.

திருப்பம் எங்கே?

நொதிக்கவும் அழுகவும் வைப்பது நுண்ணுயிர்களே என்ற லூயி பாஸ்டரின் ஆய்வை லிஸ்டர் படித்தார். 1865 ஆகஸ்டில், வண்டி ஏறிக் கால் எலும்பு முறிந்து வெளியே தெரிந்த ஒரு சிறுவன் வந்தான். வழக்கமாக அப்படிப்பட்ட காலை வெட்டிவிடுவார்கள். லிஸ்டர், சாக்கடை நாற்றம் போக்கப் பயன்பட்ட கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டுப் போட்டார். சுமார் 6 வாரத்தில் கால் தேறியது.

அவரது பிரிவில் கை, கால் அகற்றப்பட்ட 35 பேரில் முன்பு 16 பேர் இறந்தார்கள். புதிய முறைக்குப் பிறகு 40 பேரில் 6 பேர்தான்.

ஆனாலும் பல மருத்துவர்கள் ஏற்கவில்லை. அவரும் பிடிவாதம் பிடிக்கவில்லை. காற்றில் கார்பாலிக் தெளிப்பது தேவையில்லை என்று புரிந்ததும் அதைக் கைவிட்டார். 1912-ல் காலமானார்.

இன்றைக்கு என்ன?

லிஸ்டரின் போர் இப்போது கத்தி படும் முன்பே தொடங்கிவிடுகிறது. முதல் நாளே கிருமிநாசினி சோப்புக் குளியல், சர்க்கரைக் கட்டுப்பாடு, புகைக்கு முழுக்கு, மூக்கில் இருக்கும் கிருமிக்குச் சில இடங்களில் களிம்பு, கீறலுக்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி.

வீட்டில் பிளேடால் நெஞ்சு முடியைச் சவரம் செய்யவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் கிருமிக்கு வாசல். மருத்துவமனையில் கிளிப்பரால் எடுத்துக்கொள்வார்கள். காய்ச்சல், பல் சீழ், காலில் புண் எதுவானாலும் மறைக்காமல் சொல்லணும். ஆபரேஷன் தள்ளிப்போகுமே என்ற பயம் வேண்டாம். இதயத்தில் தைக்கும் ரத்தக்குழாயைப் பெரும்பாலும் அந்தக் காலிலிருந்துதான் எடுக்கிறார்கள்.