தொழிலாளர் தலைவர் ஏ.ஈ. குணசிங்க: எழுச்சியும் சரிவும்

கொழும்பு புறக்கோட்டையை அண்டிய குணசிங்கபுர என்ற பெயரை நாம் அன்றாடம் கேட்கிறோம். பஸ் தரிப்பிடமாகவும் குடியிருப்பாகவும் அதனை அறிந்தவர்கள் பலர். அப்பெயருக்குரிய மனிதரை அறிந்தவர்களோ வெகு சிலரே. இந்நாட்டுத் தொழிலாளருக்கு வேலைநிறுத்தம் என்ற ஆயுதத்தைப் பழக்கிக் கொடுத்தவர் அவர். பின்னாளில் அந்தத் தொழிலாளரைச் சிங்களவர் என்றும் மலையாளிகள் என்றும் பிரித்து வைத்தவரும் அவரே. தமிழ் பேசும் மக்களாகிய நாம் அவரது வாழ்க்கையின் முதற்பாதியை மறந்து விட்டோம். தென்னிலங்கையில் பலர் இரண்டாம் பாதியைப் பேச விரும்புவதில்லை.

அலெக்சாண்டர் ஏக்கநாயக்க குணசிங்க 1891 மே 1 ஆம் திகதி கண்டியில் பிறந்தார். மே தினத்திலே பிறந்தது தற்செயல்தான். எனினும் அவரது ஆதரவாளர்களுக்கு அது பெருமையாக இருந்திருக்கும். 1915 இல் இளம் இலங்கையர் சங்கத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். அதே ஆண்டு முஸ்லிம்களுக்கு எதிராக வெடித்த கலவரத்தை அடுத்து ஆங்கிலேய அரசு இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து சிங்களப் பிரமுகர்கள் பலரைச் சிறையிலிட்டது. அவர்களுள் இளைஞரான குணசிங்கவும் இருந்தார். பின்னர் தலைவரிக்கு எதிரான இயக்கம் வந்தது. ஏழை பணக்காரன் என்ற பேதமின்றி ஆண்கள் செலுத்த வேண்டியிருந்த அந்த வரியைக் கட்ட மறுப்பதே போராட்ட வழி. காந்தியடிகளின் சத்தியாக்கிரகம் அவரைக் கவர்ந்திருந்தது.

இவருக்கு முன்னரே தொழிலாளர் நலன் பேசிய ஒரு தமிழரை இங்கு குறிப்பிடாமல் செல்வது நன்றி மறந்த செயலாகும். சேர் பொன்னம்பலம் அருணாசலம் 1919 இல் தொழிலாளர் நலன்புரிக் கழகத்தையும், அடுத்த ஆண்டு தொழிலாளர் சம்மேளனத்தையும் நிறுவினார். ஆயினும் அது கனவான்கள் மேலிருந்து நீட்டிய கருணைக் கரம். தொழிலாளி தன் கையாலேயே தன் உரிமையை எடுத்துக் கொள்ளலாம் என்ற எண்ணம், 1922 இல் குணசிங்க இலங்கைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்த பின்னரே கொழும்பு வீதிகளில் பரவியது.

1923 இல் ரயில்வே வேலைத்தளத்திலே தொடங்கிய வேலைநிறுத்தம் பொது வேலைநிறுத்தமாகப் பரவியது. ஏறத்தாழ 20,000 தொழிலாளர்கள் பங்குபற்றினர். தொழிற்சங்கங்களை அங்கீகரிக்கும் சட்டமே இல்லாத காலம் அது. வேலைநிறுத்தம் தோற்றது. ஆனால் தோல்வியடைந்த அந்தப் போராட்டமே சங்கத்தை வளர்த்தது என்பது எமது கருத்து. 1927 இல் துறைமுகத் தொழிலாளர் வேலையை நிறுத்தியபோது அவர்கள் வெறுங்கையுடன் திரும்பவில்லை, ஊதிய உயர்வு பெற்றார்கள். 1929 பெப்ரவரியில் ட்ராம் வண்டித் தொழிலாளரின் வேலைநிறுத்தம் மருதானையில் பெருங் கலகமாக மாறியது. பொலிஸ் நிலையம் தாக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அவ்வாண்டிலேயே முதலாளிமார் சம்மேளனம் குணசிங்கவின் சங்கத்துடன் கூட்டு உடன்படிக்கையொன்றில் கைச்சாத்திட்டது. ஆறு ஆண்டுகளுக்கு முன்னர் சங்கத்தை ஏறெடுத்தும் பாராத முதலாளிமார் அவர்கள்.

அந்தச் சங்கத்தின் அணிகளை வாசகர்கள் ஒரு கணம் கற்பனை செய்து பார்க்க வேண்டும். துறைமுகத்திலும் ரயில்வேயிலும் சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், மலையாளிகள் எல்லோரும் வேலை செய்தனர். எல்லோரும் ஒரே சங்கத்தில் இருந்தனர். தஞ்சாவூரில் பிறந்து இங்கு வந்து, தேசநேசன் பத்திரிகையை நடத்திய கோ. நடேசய்யர் குணசிங்கவின் சங்கத்தில் உப தலைவராக விளங்கினார்.

தேர்தல் அரசியலிலும் அவர் காலத்தை முந்தியவராகவே இருந்தார். டொனமூர் ஆணைக்குழு 1927 இல் இங்கு வந்தபோது படித்தவருக்கும் சொத்துள்ளவருக்கும் மட்டுமே வாக்குரிமை வேண்டும் என்பதே பெருந்தலைவர்களின் நிலைப்பாடு. சேர் பொன்னம்பலம் இராமநாதன் அனைவருக்கும் வாக்களிப்பதைக் கடுமையாக எதிர்த்தார் என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. வயது வந்த எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று ஆணைக்குழு முன் நின்று கேட்டது குணசிங்கவின் தொழிலாளர் சங்கம். 1928 இல் தொழிற் கட்சியையும் அவர் ஆரம்பித்தார். 1931 இல் சர்வசன வாக்குரிமை நடைமுறைக்கு வந்தது.

விபரீதம் இங்கேதான் ஆரம்பமாகியது. வாக்குரிமை வந்த அதே காலத்தில் உலகப் பொருளாதார மந்தமும் வந்து சேர்ந்தது. இறப்பரும் தேங்காயும் விலை இழந்தன. கொழும்பில் வேலையற்றோர் தொகை பெருகியது. மந்தத்துக்குக் காரணம் உலகச் சந்தை என்று மேடையில் விளக்குவது கடினம். பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் மலையாளியே காரணம் என்று சொல்வது சுலபம். அத்துடன் மலையாளத் தொழிலாளியிடம் இருந்ததை விட அதிக வாக்குகள் சிங்களத் தொழிலாளியிடம் இருந்தன. குணசிங்க சுலபமான வழியைத் தெரிந்து கொண்டார். அவரது சிங்களப் பத்திரிகையான வீரய, மலையாளிகளுக்கு எதிரான பிரசாரத்தை இடைவிடாது நடத்தியது. மலையாளிகளின் உணவுக் கடைகளைப் பகிஷ்கரிக்கும் கூக்குரலும் எழுந்தது. நடேசய்யர் அதற்கு முன்னரே இவரை விட்டுப் பிரிந்து மலையகத்துக்குச் சென்று 1931 இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்திருந்தார். அன்று பிரிந்த நகரத் தொழிலாளியும் தோட்டத் தொழிலாளியும் பின்னர் ஒரே இயக்கமாக நிலைத்து நின்றதே இல்லை எனலாம். அந்தப் பிரிவுக்கு நாம் இன்னமும் விலை கொடுத்து வருகிறோம்.

1933 இல் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. தொழிலாளரிற் பெரும்பாலானோர் இந்தியர். அவர்கள் குணசிங்கவை நாடவில்லை. இங்கிலாந்தில் கற்று மார்க்சியவாதிகளாகத் திரும்பியிருந்த இளைஞர்களின் பக்கம் சென்றார்கள். கொல்வின் ஆர். டி சில்வா அவர்களது புதிய சங்கத்தின் தலைவரானார். ஒரு காலத்தில் கருங்காலிகளைக் கண்டித்து இடியென முழங்கிய குணசிங்கவின் அணியினரே இப்போது கருங்காலிகளாக ஆலைக்குள் அனுப்பப்பட்டனர். வேலைநிறுத்தம் முறியடிக்கப்பட்டது. அதைவிடப் பெரியதொரு நம்பிக்கை அன்று முறிந்தது என்றே நாம் கருதுகிறோம்.

அந்த இளைஞர்கள் 1935 இறுதியில் லங்கா சமசமாஜக் கட்சியை நிறுவினார்கள். சபை ஆசனம் என்பது போராட்டத்தை எடுத்துச் சொல்லும் மேடை மாத்திரமே, பலம் தொழிற்சாலையிலும் தெருவிலும் இருக்கிறது என்பது அவர்களது கொள்கை. குணசிங்க இதனைத் தலைகீழாக்கி, சங்கத்தை ஆசனத்துக்கு ஏணியாக்கி விட்டார் என்று குற்றஞ்சாட்டினார்கள். குற்றச்சாட்டு நியாயமானதே. ஆயினும் அதனைச் சொன்னவர்களின் பிற்காலத்தையும் நாம் அறிவோம். 1964 இல் அவர்களும் அமைச்சர் பதவிகளை ஏற்றனர். 1966 ஜனவரியில் தமிழ் மொழிப் பிரமாணங்களுக்கு எதிராக வீதியில் இறங்கியவர்களில் இடதுசாரிகளும் இருந்தனர். வெள்ளவத்தையில் இந்தியத் தொழிலாளருக்குத் தலைமை தாங்கிய அதே கொல்வின் ஆர். டி சில்வாவே, சிறுபான்மையினருக்கு இருந்த 29 ஆம் பிரிவின் பாதுகாப்பை நீக்கிய 1972 ஆம் ஆண்டு அரசியலமைப்பின் சிற்பியானார். குணசிங்கவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது ஆகவே பொருந்தாது. பெரும்பான்மை வாக்கை நாடிச் செல்லும் தொழிலாளர் தலைவர்களைக் காத்திருக்கும் பொறி அது. அவர் முதலில் விழுந்தார், அவ்வளவே.

1936 இல் கொழும்பு மத்தியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்ற குணசிங்க, 1940களின் முற்பகுதியில் மாநகர முதல்வராகவும் விளங்கினார். துறைமுகமும் ரயில்வேயும் படிப்படியாக இடதுசாரிகளின் கைக்குச் சென்றன. 1947 பொதுத் தேர்தலில் மூன்று அங்கத்தவர்களைக் கொண்ட கொழும்பு மத்தித் தொகுதி பீற்றர் கெனமனையும் ரி.பி. ஜாயாவையும் குணசிங்கவையும் தெரிவு செய்தது. கம்யூனிஸ்டு ஒருவர், முஸ்லிம் தலைவர் ஒருவர், பழைய தொழிற்சங்கவாதி ஒருவர். அத்தொகுதியின் குறுக்குத் தெருக்களில் வாழ்ந்த மக்களின் கலப்பை இத்தெரிவு அப்படியே காட்டியது.

டி.எஸ். சேனநாயக்கவின் அரசாங்கத்தில் குணசிங்கவுக்கு அமைச்சர் பதவி கிடைத்தது. 1948 இல் பிரசாவுரிமைச் சட்டத்தைக் கொண்டு வந்து மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது அந்த அரசாங்கமே. 1949 இல் அவர்களது வாக்குரிமையும் பறிபோயிற்று. எல்லோருக்கும் வாக்கு வேண்டும் என்று டொனமூர் முன் கேட்டவர், பத்து இலட்சம் பேரளவில் அரசியலிலிருந்து வெளியேற்றப்பட்ட அந்நாட்களில் ஆளுந் தரப்பில் அமர்ந்திருந்தார். தோட்டத் தொழிலாளரின் வாக்கு நீங்கியதால் இடதுசாரிகள் பலமிழந்தனர். அவருக்கு அது வருத்தம் தந்திருக்க மாட்டாது.

1952 இல் கொழும்பு மத்தி அவரைக் கைவிட்டது. அதன்பின் வெளிநாட்டுத் தூதுவர் பதவி அளிக்கப்பட்டது. அரசியலில் ஓய்ந்தவர்களுக்கு அரசாங்கங்கள் வழங்கும் வழக்கமான மரியாதை அது. 1967 ஓகஸ்ட் 1 ஆம் திகதி, தமது எழுபத்தாறாவது வயதில் அவர் காலமானார். ஒரு காலத்தில் அவரது சொல்லுக்கு வேலையை நிறுத்திய கொழும்புத் துறைமுகத்தில் அப்போது வேறு சங்கங்களின் கொடிகள் பறந்தன.